அப்பாவின் வலது குதிகால்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் பக்கம் குளிர் இறங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டும் நலம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டைகள் வந்துவிட்டன, எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, அப்பாவுக்குத்தான் கை நீளம், மடித்துவிட்டுக்கொண்டு போடுகிறார். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது நாள் முழுக்க நம் தலைக்கு மேலே குதிரை மாதிரி ஓடுகிறது, கேட்டால் குட்டி என்கிறார், குட்டியே இப்படி என்றால் வளர்ந்த பிறகு கூரை தாங்குமா என்று தெரியவில்லை. இதெல்லாம் போனில் சொன்னதுதான், எனக்கும் தெரியும். போனில் சொல்லாததை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பேனா சுற்றிச் சுற்றி நாயிடமே போகிறது.

நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய், அப்பா ஏன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை என் கையில் கொடுத்துவிடுகிறார் என்று. குளிக்கப் போகிறார் என்றேன், பஸ் சத்தத்தில் காது அடைத்திருக்கிறது என்றேன், மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. எல்லாம் பொய். உயிருக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாமல் உட்கார்ந்து படி. நடுவில் மூன்று மாதம் அப்பா பஸ் ஓட்டவில்லை. ஒரு விபத்து நடந்தது. அதற்குப் பிறகு அதைவிட மோசமான ஒன்று நடந்தது, அதை அவரே செய்தார், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யார் வாயிலிருந்தோ உனக்குத் தெரிவதைவிட என் கையெழுத்தில் தெரியட்டும் என்று அவரே சொல்லித்தான் எழுதுகிறேன்.

எல்லாம் அந்தக் குதிகாலில்தான் ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணியை மிதித்தவர் மாதிரி ஒரு சத்தம் போடுவார். பத்து அடி நொண்டி நடந்தால் சரியாகிவிடும், பிறகு பல் தேய்த்துக்கொண்டே பாட்டுக்கூடப் பாடுவார், நானும் வயதாகிறது என்று விட்டுவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், எப்போது உட்கார்ந்து எழுந்தாலும் அதே கதை. டீ குடித்துவிட்டு எழுந்தால் சுவரைப் பிடிக்கிறார், செய்தி பார்த்துவிட்டு எழுந்தால் என் தோளைப் பிடிக்கிறார். வலது கால். பிரேக் மிதிக்கிற கால். அந்தக் கணக்கு அப்போதே என் புத்தியில் ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு எதிர் அறையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், பேச்சும் உன்னைப் போலத்தான், சுற்றி வளைக்க மாட்டாள். கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். குதிகாலுக்கு அடியில் உள்பக்கமாகக் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள், மனிதர் மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டார். பாதத்துக்கு அடியில் குதிகாலிலிருந்து விரல்வரைக்கும் ஒரு தடித்த நார் ஓடுகிறதாம், குதிகாலில் அது ஒட்டியிருக்கும் இடம் நைந்துபோயிருக்கிறதாம். "வலி குதிகால்ல இருந்தாலும் இறுக்கம் கெண்டைக்கால்ல இருக்கு, ரெண்டையும் சேர்த்துத்தான் தளர்த்தணும்" என்றாள். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, விரல்களைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்து முப்பது எண்ண வேண்டும். பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முட்டி மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய வேண்டும். படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுவதற்கு முன்னால் கால்விரல்களைக் கையால் பின்னுக்கு வளைத்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை, நாளுக்கு மூன்று வேளை. "லேசா இழுக்கிற மாதிரி இருந்தா போதும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்காதீங்க. ஊசி போட்ட மாதிரி உடனே கேக்காது. ஆறு வாரம் விடாம செஞ்சாத்தான் வித்தியாசமே தெரியும், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். கடைசியில், வலி குறையும்வரை இவரைப் பெடல் மிதிக்கிற வேலையில் வைக்க வேண்டாம் என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, டிப்போவில் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டும் தந்தாள்.

அந்தச் சீட்டு டிப்போவுக்குப் போகவில்லை. அலமாரியில் அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் போனது. ஸ்டியரிங்கிலிருந்து இறக்கியவர்களை அங்கே பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளையும் பைகளையும் பார்த்துக்கொள்ளும் அறையில் உட்கார வைப்பார்களாம், அங்கே போனவர் ஒருவர்கூடத் திரும்பி பஸ்ஸில் ஏறியதில்லையாம். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன் குடை எண்ணிக்கொண்டு உட்கார்வதா என்று அவருக்குப் பயம். துணி அடுக்கும்போது சீட்டை நான் பார்த்தேன் சிட்டு. பார்த்துவிட்டு, அதன் மேலேயே இன்னொரு சட்டையை மடித்து வைத்தேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

பயிற்சியை மட்டும் ஆரம்பித்தார். அது ஒரு கூத்து. துண்டை மாட்டிக்கொண்டு கயிறு இழுக்கும் போட்டியில் நிற்கிறவர் மாதிரி முகம் சிவக்க இழுப்பார், லேசாக என்று அவள் சொன்னது எந்தக் காதில் விழுந்ததோ. கூடத்துச் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றவரை ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன டிரைவர் சார், வீட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கப் போறீங்களா, எனக்கும் கொஞ்சம் வெயில் வரட்டும்" என்று கேட்டார். தெருவில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்தார், பிறகு ஒரு வேளை மட்டும் செய்தார், பதினோராவது நாள் துண்டு கொடிக்குப் போய்விட்டது. "சுவத்தைத் தள்ளினா கால் வலி போயிடுமா, ஆஸ்பத்திரியில வேலை இல்லாம ஏதோ சொல்றாங்க" என்றார். நான் மல்லுக்கட்டவில்லை. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தார், மத்தியானத்துக்குள் மாத்திரை வேகம் இறங்கிவிடும், அப்போது இன்னொன்று.

விபத்து நடந்தது ஒரு மத்தியானம். கடைசி நிறுத்தத்தில் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். முதல் வளைவு தாண்டியதும் சிக்னலில் ஒரு வேன் நிற்கிறது. பிரேக்கை மிதித்தார், குதிகாலில் சுரீர் என்று ஏறிய வலியில் கால் தானாகவே பின்னால் வந்துவிட்டது. மறுபடி மிதித்தார், ஆனால் நடுவில் ஒரு நொடி போய்விட்டது. பஸ் வேனின் பின்பக்கத்தில் போய் முட்டியது. வேன்காரருக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்து நின்றிருந்த, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் முன்னால் தூக்கி எறியப்பட்டு, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதிகாரி வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது அப்பா வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை, "பிரேக் பிடிக்கல சார்." யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தவறி வந்தது என்றுதான் என்னிடம் சொன்னார். ஆனால் அதை எழுதி வாங்கியபோது அடியில் கையெழுத்துப் போட்டது யோசித்துத்தானே.

அன்று காலை அந்த பஸ்ஸைச் சோதித்து அனுப்பியது யார் தெரியுமா, உன் மெக்கானிக் மாமா. உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், உன்னை வழியனுப்ப அப்பாவைவிட முன்னால் வந்து நின்றவர். மறுநாளே, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டில் வந்து என்னிடம் உண்மையைச் சொன்னார், சொல்லிவிட்டு, "வண்டியைப் பிரிச்சுப் பார்த்தா பிரேக் நல்லாத்தான் இருக்கும், அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நல்ல சமாதானம், இரண்டு பேருக்கும் வசதியான சமாதானம்.

உனக்குத் தெரியும், மாமாவின் மனைவியும் நானும் சலவைக்கூடத்தில் ஒரே மேசை. பெரிய படுக்கை விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது, இந்த முனையை நான் பிடிக்க வேண்டும், அந்த முனையை அவள் பிடிக்க வேண்டும், உதறி, நீளவாக்கில் மடித்து, இரண்டு பேரும் நடந்து வந்து நடுவில் முனைகளைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு விரிப்பு என்றால் இருநூறு தடவை முகத்துக்கு முகம். முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்கதை எல்லாம் நடக்கும். இப்போது நான் துணியையே பார்த்துக்கொண்டு நடந்து போவேன். அவள் என்மேல் சந்தேகப்படவே இல்லை, அதுதான் கொடுமை. அப்பாவுக்கு அடிபட்டதா, நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று என்னையே விசாரிப்பாள். ஒரு நாள் முனைகளைச் சேர்க்கும்போது கையை விடாமல் நின்றுவிட்டாள். "அக்கா, அவரு காலையில டிப்போ நேரத்துக்கே எழுந்து சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அன்னைக்கு எந்த நட்டை எப்படி முடுக்கினேன்னு காத்துல கையை வச்சு செஞ்சு செஞ்சு பாக்குறாரு. 'நான்தான் எதையோ விட்டுட்டேன் போலிருக்கு, ஒரு பொண்ணு கையை ஒடிச்சுட்டேன்'ங்கிறாரு. வேலை போனாக்கூடப் பரவாயில்லக்கா, தன் கையையே நம்ப மாட்டேங்கிறாரு" என்றாள். எனக்கு விரிப்பு கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது, மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

அதே வாரம் பெரிய பட்டறையிலிருந்து அறிக்கை வந்தது. பிரேக்கில் ஒரு பக்கத்துக் கட்டை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அது காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்களாம். எந்த பஸ்ஸைப் பிரித்தாலும் அந்த அளவு தேய்மானம் இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரி போதும், இவர் தப்பித்துவிடலாம், பழி மாமா தலையில் விழுந்துவிடும். அப்பா அந்தச் சேதியோடு வந்தபோது முகத்தில் நிம்மதியும் இருந்தது, நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். மாமாவின் மனைவி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன், காற்றில் நட்டு முடுக்கியதையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார், சட்டைகளுக்கு அடியில் கையை விட்டு அந்தச் சீட்டை எடுத்தார். "இதை நீ பார்த்திருக்கியா" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "எப்ப" என்றார். வைத்த அன்றைக்கே என்றேன். சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார், திட்டியிருந்தால் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போய், பிரேக் நன்றாகத்தான் இருந்தது, என் கால்தான் சரியில்லை, மறைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாமாவை மறுநாளே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், பத்தொன்பது நாள் அந்த மனிதர் தன் கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார். அப்பாவை மூன்று மாதம் வண்டியிலிருந்து இறக்கிக் குடை அறையிலேயே போட்டார்கள், அதற்கு மேல் கால் குணமானால் பார்க்கலாம் என்று. மன்னிப்புக் கேட்க மாமா வீட்டுக்குப் போனார், கதவைத் திறந்தது அவர் மனைவி, "அவரு குளிக்கிறாரு" என்றாளாம். குளித்து முடிக்கட்டும் என்று அரைமணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். எனக்கு இப்போது மேசை மாற்றிவிட்டார்கள், அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். தலையணை உறை மடிக்கிறேன், அதற்கு ஒரு ஆள் போதும். கை முறிந்த அந்தப் பெண்ணையும் போய்ப் பார்த்தார். "பிரேக்கோ காலோ எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஐயா, ஒடிஞ்சது என் கை" என்றாளாம். கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் மருந்துப் புட்டி மூடியைத் திருக இன்னும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறாளாம்.

அதற்குப் பிறகு அப்பா பயிற்சியை மறுபடி ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்தார், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. காலையில் துண்டு, பிறகு சுவர், பிறகு வாசல் படி, குடை அறையில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் விரலை வளைப்பது. இழுப்பதில் முரட்டுத்தனம் இல்லை, குழந்தைக்குக் கால் பிடித்துவிடுகிற மாதிரி மெல்ல. நாலு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது வாரம் வலி கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றார். பத்தாவது வாரம் ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கி நேராகச் சமையலறைவரை நடந்து வந்துவிட்டார், நொண்டாமல், சுவரைத் தொடாமல். நான்தான் முதலில் கவனித்து, ஏங்க வலிக்கலையா என்று கேட்டேன். நின்று குனிந்து காலைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன் சிட்டு, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "இவ்வளவுதானா இது, ஒரு துண்டும் ஒரு சுவரும்தானே, அப்பவே செஞ்சிருந்தா" என்றார். வலித்தபோது ஒரு நாளும் அழாதவர். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

போன வாரம் டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார், திங்கட்கிழமை பஸ் கொடுத்தார்கள், சின்ன தூரம்தான். அன்று காலை வண்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போட வந்தது மாமாவேதான். பலகையைப் பார்த்துக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல், "பிரேக்கை நான் பாத்துட்டேன். காலை நீங்க பாத்துட்டீங்களா" என்று கேட்டிருக்கிறார். மற்ற டிரைவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அப்பா பஸ் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைக் கீழே இறக்கி முப்பது எண்ணியிருக்கிறார், மூன்று தடவை. மாமா அசையாமல் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்றோ வெட்கமாக இருந்தது என்றோ அப்பா சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள் அவர்கள். "நீங்கன்னு சொல்லிட்டான்டி என்னை" என்றார், இரண்டு தடவை சொன்னார், பிறகு கைகழுவப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை. நீ போன் செய்யும்போது அப்பாவிடம் பேசு, ஆனால் விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. என்மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படு, அதற்கு எனக்குத் தகுதி உண்டு. நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் நீ, உடம்பில் எங்காவது வலித்தால் உன் மேலதிகாரியிடம் அன்றைக்கே சொல்லிவிடு, வேலை போனாலும் பரவாயில்லை, நம் வீட்டில் உனக்கு ஒரு கட்டில் எப்போதும் உண்டு. கம்பளிக்கு எவ்வளவு செலவானது என்று கேட்கக் கூடாது என்பாய், கேட்கவில்லை. நீ நல்ல உடம்போடும், நிமிர்ந்து பார்க்கும்படியான மனதோடும், உன்னைச் சுற்றி உண்மையான மனிதர்களோடும் நீடூழி இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். மாமாவுக்கு நீ தனியாக இரண்டு வரி எழுதினால் நல்லது. எங்களுக்காகப் பரிந்து பேசி எழுதாதே, சைக்கிள் பழக்கிவிட்டவருக்கு எழுதுகிற மாதிரி எழுது.

எப்போதும் உன் ஞாபகமாக இருக்கும்,
அம்மா